ப்ளோயரை நிறுத்தாதீர்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கழிவுநீர் ஏரிகளில் கலப்பது பற்றிய செய்தியைப் படித்தேன். சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் மட்டும் போதாது. தொட்டிக்குள் காற்றைச் செலுத்தும் ப்ளோயர் இரவும் பகலும் ஓட வேண்டும். கழிவை உண்ணும் நுண்ணுயிர்களுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் தேவை. நிலையத்தின் மின்செலவில் பெரும்பங்கு இதற்கே போவதால், கட்டணத்துக்கு அஞ்சி முதலில் நிறுத்தப்படுவதும் இதுதான். எங்கள் குடியிருப்பில் அப்படி இரவில் நிறுத்தி வைத்தபோது, பழுப்பாக இருக்க வேண்டிய தொட்டி நீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் மாடி வரை வந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர் மாதிரி எடுப்பதோடு நின்றுவிடாமல், ப்ளோயருக்குத் தனி மின்மீட்டர் பொருத்தச் செய்து, மாதந்தோறும் அதன் அளவையும் கேட்டுப் பெற வேண்டும். ஆய்வன்று மட்டும் ஓட்டிக் காட்டுவது அப்போது எளிதில் தெரிந்துவிடும்.

– குடியிருப்புவாசி, மேடவாக்கம், சென்னை