கோமுவுக்கு, மார்கழி லீவு விஷயமா

அன்புள்ள கோமு,

ஒன் வாட்ஸ்அப் வந்து நாலு நாளாச்சு, பதிலே காணும்னு கோவமாத்தான் இருப்ப. ஃபோன்ல குட்டி குட்டியா தட்டி அனுப்புத விஷயமா இது, அதான் மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது உக்காந்து எழுதுதேன். இங்க புதுசா ஒண்ணும் இல்ல. கொலு பொம்மைய பேப்பர்ல சுத்தி பரண்ல ஏத்தியாச்சு, முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, இவுக ரிட்டயர் ஆனதுலருந்து ரிமோட்ட கைய விட்டு எறக்குததில்ல. அவ்ளோதான் சேதி.

மார்கழி கச்சேரி சீசனுக்கு நாம ரெண்டு பேரும் சென்னை போறதுக்குன்னு நீ போட்டு அனுப்புன எக்செல் ஷீட்ட பாத்தேன். ஏட்டி, இது லீவா இல்ல எலெக்ஷன் டூட்டியா? காலைல எட்டு மணிக்கு மியூசிக் அகாடமி, பதினொன்றைக்கு தி.நகர், ரெண்டு மணிக்கு திருவல்லிக்கேணி, நாலு மணிக்கு திரும்ப ஆழ்வார்பேட்டை, ராத்திரி சவுகார்பேட்டை. கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு மேப்ப பாத்தா எல்லாம் பக்கத்து பக்கத்துலதான் தெரியும். மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலைன்னு மயிலாப்பூர் பக்கம் ரோட்ட எல்லாம் தோண்டி, இந்த தெரு ஒன் வே அந்த தெரு அடைப்புன்னு போட்டு வச்சிருக்காவ, போன வருஷம் நான் அக்கா மக கூட ரெண்டு கிலோமீட்டர் ஆட்டோல போக முக்கா மணி நேரம் ஆச்சு, போய் சேரும்போது மெயின் பாட்டே முடிஞ்சு போச்சு, சரி கேன்டீன்லயாவது எதாவது திம்போம்னு பாத்தா கீரை வடையும் தீந்து போச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே சென்னைக்கு போனா ஒரு நாளைக்கு ஒரு ஏரியாதான். பாட்டு, சாப்பாடு, கடை மூணும் அங்கனயே முடியணும், ஏரியா மாத்துததா இருந்தா அடுத்த நாள்தான்.

முதல்ல தேதி. டிசம்பர் முதல் ரெண்டு வாரம் வேணவே வேணாம், அது மழைக்காரன் வாரம். 2023ல மிக்ஜாம் புயல் வந்தது அப்பதான், 2016ல வர்தா அடிச்சது டிசம்பர் 12. அதனால 24ஆம் தேதி ராத்திரி ரயில் ஏறுவோம். நீ சேரன்ல வா, நான் பொதிகைல வாரேன். தங்குததுக்கு மேற்கு மாம்பலத்துல அக்கா மக வீடு இருக்கு, அவ பிள்ளைக்கு லீவுன்னு குடும்பத்தோட ஊருக்கு வாரா, சாவிய தந்துட்டு போறேன்னு சொல்லிட்டா. லாட்ஜ் செலவு மிச்சம், ஒன் கொறட்டைக்கு பக்கத்து ரூம்காரன் கதவ தட்டவும் மாட்டான்.

முதல் நாள் மயிலாப்பூர். தூக்கம் போனா போகுதுன்னு விடியக்காலைல கெளம்பிரணும், மார்கழில கபாலி கோயில சுத்தி மாட வீதில பஜனை பாடிட்டு போவாவ, வாசல்ல எல்லாம் கோலம் ஈரத்தோட இருக்கும். அதுக்கு டிக்கெட்டும் கெடையாது, மைக்கும் கெடையாது, எனக்கு என்னமோ சபால கேக்குதத விட அதுதான் பிடிக்கும். முடிச்சுட்டு ராயர் மெஸ். சின்ன எடம், வெளிய நின்னுதான் ஆகணும், பொங்கலும் வடையும் சூடா கெடைக்கும். நீ நிக்க மாட்டேன்னு மொகத்த தூக்காத. அப்புறம் மாட வீதிலயே பித்தளை விளக்கு, பரதநாட்டிய நகை (ஒன் பேத்திக்கு ராக்கொடி கேட்டேல்லா) எல்லாம் பாத்துட்டு, சாயங்காலம் கிழக்கு மாட வீதில பாரதிய வித்யா பவன்ல யாரு பாடுதாவளோ கேப்போம். பேர் தெரியாத சின்ன பிள்ளைங்க பாடுனா இன்னும் நல்லது. மத்தியான ஸ்லாட்ல பாடுத பிள்ளைங்க இருக்கே, முன்னால இருவது பேர் இருந்தாலும் உயிர குடுத்து பாடும்.

ரெண்டாம் நாள் டி.டி.கே ரோடு. காலைல அகாடமில லெக்-டெம், அதான் பேசிக்கிட்டே பாடிக் காட்டி வெளக்குவாவள்ளா, அது கேக்கணும்னு நீ எழுதிருக்க, சரி, அதுக்கு டிக்கெட் வேண்டாம், எனக்கு பாதி புரியாது, இருந்தாலும் ஒரு ராகத்த ஒரே ஆள் ஒரு மணி நேரம் பிரிச்சு பிரிச்சு போடுதத பாத்துட்டு இருக்கலாம். அங்கயே டிபன், காப்பி. அங்கருந்து நாரத கான சபாவுக்கு நெழல்ல மெதுவா நடந்துருவோம், மத்தியானம் அங்க எல சாப்பாடு, சாப்ட்டுட்டு ஒரு ஓசி கச்சேரில கண்ண மூடி உக்காந்துருவோம், தூங்குனா யாரும் கேக்கமாட்டாவ, ராகத்துல லயிச்சிருக்கான்னு நெனச்சுக்குவாவ. சாயங்காலம் மட்டும் காசு குடுத்து ஒரு பெரிய கச்சேரி. அது ஏன்னு பொறவு சொல்லுதேன்.

மூணாம் நாள் ஒன் ஷீட்லயே இல்லாத ஏரியா, பாரிஸ் கார்னர். எனக்கு இந்த மொத்த ட்ரிப்லயும் இதுக்குத்தான் ஆசை. மெட்ரோல ஹைகோர்ட் ஸ்டேஷன்ல எறங்குனா போதும். காலைல கோடவுன் தெரு, சுடிதார் துணி, லைனிங், திரைச்சீலை எல்லாம் மொத்தக்கடை விலை, ஞாயித்துக்கிழமையா மட்டும் இருக்கக்கூடாது, பாதி ஷட்டர் எறங்கிருக்கும். அங்கருந்து மின்ட் தெரு பக்கம் போனா சவுகார்பேட்டை, சேட்டு கடைல கச்சோரி, ஜிலேபி, முறுக்கு சாண்ட்விச்னு ஒண்ணு, முறுக்குக்கு நடுவுல தக்காளி வெள்ளரிக்கா வச்சு சட்னி தடவி தருவான், கேக்க கிறுக்குத்தனமா இருக்கும், தின்னு பாரு. சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ. பர்மாலருந்து திரும்பி வந்த நம்ம ஆளுக கொண்டாந்த சாப்பாடு அது, ஆரஞ்சு கலர் நூடுல்ஸ்ல வெங்காயம், முட்டக்கோசு, வறுத்த பூண்டு, புளித்தண்ணி எல்லாம் போட்டு கையாலயே பெசஞ்சு தருவாவ, கூட வாழைத்தண்டு சூப். மார்கழில நீ கவுச்சி தொடமாட்ட, முட்டை வேண்டாம்னு முன்னாடியே சொல்லிரு. அந்த வாய தொடச்சுட்டு அப்படியே ராஜா அண்ணாமலை மன்றம், தமிழ் இசைச் சங்கம் நடத்துத விழா. 1943ல அண்ணாமலைச் செட்டியார் எல்லாரும் சேந்து, தமிழ்நாட்டு மேடைல தமிழ்ப் பாட்டு ஓரத்துல துக்கடாவா, கச்சேரி கடைசில பாடுத சின்ன பாட்டா கெடக்குதேன்னு ஆரம்பிச்ச சங்கம். அங்க மெயின் பாட்டே தமிழ்தான். எங்க அப்பா தேவாரம் பாடுதத கேட்டு வளந்தவ நான், எனக்கு அங்க உக்காந்தா அடுத்தவங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்காது.

நாலாம் நாள் தி.நகர். கடை தெறக்கும்போதே போயிரணும், சாயங்காலம் ரங்கநாதன் தெருவுக்குள்ள நொழஞ்சா நாம நடக்க வேண்டாம், கூட்டமே தூக்கிட்டு போய் அந்த பக்கம் எறக்கி விட்டுரும். மாம்பலம் ஸ்டேஷன்லருந்து பஸ் ஸ்டாண்டுக்கு 2023ல ஆகாய நடைபாதை ஒண்ணு போட்டுட்டாவ, கூட்டத்துக்கு மேலயே போயிரலாம். பாண்டி பஜார்ல பிளாட்பாரத்த அகலமாக்கி உக்கார பெஞ்செல்லாம் போட்டுருக்காவ, கம்மல், வளையல், ஹேர்பின், நைட்டி, அதுக்கு மேல ஒண்ணும் வாங்கக்கூடாது. மத்தியானம் வாணி மகால்லயோ கிருஷ்ண கான சபாலயோ ஒரு கச்சேரி, ராத்திரி ரயில்.

இங்கதான் ஒனக்கும் எனக்கும் சண்டை வரப்போகுது. நாலாம் நாள் ஷீட்ல "முகூர்த்தப் பட்டு, 6 மணி நேரம்"னு போட்டுருக்க. வேண்டாம் கோமு. முகூர்த்தப் பட்டுக்குன்னு தனியா வருவோம், சம்பந்தி, ஒன் மக, மைனி எல்லாரையும் கூட்டிட்டு, நானும் வாரேன். அத இதுல கொண்டாந்து சொருகுனா முதல் நாள்லருந்தே ஒன் மனசு பார்டர்லயும் பட்ஜெட்லயும்தான் இருக்கும். எம் மக கல்யாணத்துக்கு பட்டு எடுக்க போறப்ப நான் பட்டது எனக்கு தெரியும், ரெண்டு நாள் ஒரு கடை மாடிப்படில உக்காந்ததுதான் நான் பாத்த சென்னை.

பெரிய கச்சேரிக்கு ஏன் காசுன்னு கேப்பேல்லா. திருவல்லிக்கேணி ஹாஸ்டல நெனச்சு பாரு. எட்டரைக்கு கேட்ட பூட்டிருவாவ. 94ல, 95ல ரெண்டு சீசன்லயும் எத்தன கச்சேரிக்கு போனோம், தனி ஆவர்த்தனம், அதான் மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்குதது, ஆரம்பிச்சதும் ஊரே கேன்டீனுக்கு எந்திரிக்கும், நாம பஸ் ஸ்டாப்புக்கு ஓடுவோம். மிருதங்கக்காரர் நம்மளும் காப்பிக்குத்தான் போறோம்னு நெனச்சிருப்பாரு பாவம். இத்தன வருஷத்துல நீயும் நானும் சேந்து ஒரு கச்சேரிலயும் கடைசி பாட்டு மங்களம் கேட்டதே இல்லட்டி. எனக்கு கல்யாணம் ஆச்சு, நீ கோயம்புத்தூர் போன, அப்புறம் டிவிலதான். அந்த ஒரு ராத்திரி தனி முழுசா கேக்கணும், துக்கடா கேக்கணும், மங்களம் பாடி தம்புராவ எறக்கி வைக்குத வரைக்கும் உக்காந்துருக்கணும். சாவி நம்ம பைலதான இருக்கு.

சரி, வேலைய பிரிச்சுக்குவோம். ரயில் முன்பதிவு முன்னாடி மாதிரி 120 நாள் கெடையாது, 60 நாளாக்கிட்டாவ, கணக்குபடி 24க்கு அக்டோபர் 25 காலைல எட்டு மணிக்கு தெறக்கும். ஒன் டிக்கெட்ட நீ போடு, எனக்கு மருமகன் போட்டு தருவாரு. கீழ் பெர்த் கேட்டு போடு. கச்சேரி பட்டியல் வந்ததும் அந்த ஒரு ராத்திரி யாருன்னு நீதான் சொல்லணும், ஒனக்குத்தான் ஞானம். வீட்டு அண்ணாச்சிட்ட இன்னும் சொல்லலன்னு நெனைக்கேன். டிக்கெட் போட்ட பொறவு சொல்லு.

செல்வி
தென்காசி

அந்த எக்செல்ல அழிச்சுராத, செலவு கணக்கு எழுத ஆகும்.