ஈரமும் பாரமும் புதுக் கட்டிடத்துக்கு

அன்புள்ள ஆத்தாவுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். செட்டிநாட்டு வீடு ஒன்று பூட்டிக் கிடக்காமல் ஊருக்கு வாசகசாலையாகத் திறக்கப் போகிறது என்பதே பெரிய சந்தோஷம். புதுக் கட்டிடத்தைப் பின்கட்டுக்கு அப்பால் வைத்திருப்பதும் சரி. ஆனால் மாடியில் நூலகம், இரண்டாங்கட்டில் கழிவறை என்று போட்டிருப்பதை மாற்று. ஈரமும் பாரமும் புதுக் கட்டிடத்துக்குப் போகட்டும். பழைய வீட்டில் மனிதர்கள் உட்காரட்டும், வாசிக்கட்டும், பேசட்டும்.

பாரத்தை முதலில் சொல்கிறேன். கட்டிடம் தாங்க வேண்டிய பாரத்தைச் சொல்லும் இந்தியத் தரநிலை 875-இன்படி குடியிருப்பு அறையின் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ கணக்கு. 2.2 மீட்டர் உயரத்துக்குப் புத்தகம் அடுக்கும் அறைக்கு 600 கிலோ. நாற்காலியை நகர்த்திப் போடும் கூட்ட அறைக்கு 500. மாடித் தளத்தைத் தாங்குவது தேக்கு உத்தரமும் அதன்மேல் செங்கல், சுண்ணாம்புத் தளமும்தான். உத்தரத்தின் நடுப்பகுதி இரும்பு மாதிரி உறுதியாக இருக்கும், சுவருக்குள் புதைந்த முனைதான் ஈரம் ஏறி மக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் மெல்லிய உளியைக் குத்திப் பார்க்கச் சொல். கால் அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால் அந்த முனை போய்விட்டது. அதற்காக முழு உத்தரத்தையும் கழற்ற வேண்டாம். அடியில் முட்டுக் கொடுத்து, கெட்டதை வெட்டி, நல்ல மரம் வரைக்கும் போய், பழைய தேக்கையே சாய்வாக இழைத்துப் போல்ட்டு போட்டு இணைக்கலாம். இணைப்பு எந்த நீளம், எத்தனை போல்ட்டு என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போடட்டும். முனையைச் சுற்றி ஓர் அங்குலம் காற்று விடு. சிமெண்டு வைத்து அடைத்தால் மறுபடி மக்கும்.

அடுத்தது ஈரம். முகப்புச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்வதற்குக் காரணம், இடையில் யாரோ பூசிவிட்ட சிமெண்டு. இந்தச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையீரம் செங்கலில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. வழி கிடைக்காத ஈரம் இன்னும் மேலே ஏறும், கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பரலாக உறைந்து அதைத் தள்ளும். மேலே பெயிண்டு அடித்து மறைப்பதில் பலனில்லை.

பங்குனியில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சித்திரை, வைகாசி வெயிலில் சுவரை வெறுமனே காயவிடு. வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். ஆடி, ஆவணியில் பூசலாம். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் தொட்டியில் ஊறவிடு. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். தட்டிய கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் அரைக்கச் சொல். சுவரை நனைத்துவிட்டு, ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூச வேண்டும், கனமாக அப்பினால் வெடிக்கும். பிறகு ஒரு வாரம், பத்து நாள் ஈரச் சாக்கு தொங்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் பூச்சு இறுகியாக வேண்டும் என்பதால் இந்தக் கணக்கில் மாதம் தவறக் கூடாது. கொத்தனார் “ரெண்டு கைப்பிடி சிமெண்டு போட்டா சீக்கிரம் புடிக்கும்” என்பார். சம்மதிக்காதே.

புதுக் கட்டிடத்துக்கு வருகிறேன். அஸ்திவாரம் தோண்டுமுன் பழைய சுவரடியில் இரண்டு இடத்தில் சோதனைக் குழி போட்டு, அது எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்துகொள். புதியது அதைவிட 2 அடி ஆழமாகப் போவதானால் குறைந்தது 4 அடி தள்ளி இருக்க வேண்டும். ஒட்டித் தோண்டினால் பழைய அஸ்திவாரத்தின் கீழிருக்கும் மண் சரியும், சுவரில் படிப்படியாக விரிசல் ஓடும். இரண்டுக்கும் நடுவே லேசான கூரை போட்ட நடை போதும். அந்த நடைக்கூரை பழைய சுவரைத் தொடும் இடத்தில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, மேலே தகடு மூடு. தகட்டை ஒரு பக்கம் மட்டும் பொருத்து. புதிய கட்டிடம் முதல் சில வருடங்களில் கொஞ்சம் அமரும், இரண்டு பக்கமும் இறுக்கினால் பழைய சுவரைப் பிடித்து இழுக்கும். நடைக்கூரைத் தண்ணீர் பழைய சுவர்ப் பக்கம் சாயவே கூடாது.

சக்கர நாற்காலிக்காக முகப்புத் திண்ணையை உடைத்துச் சாய்தளம் போடாதே. 1-க்கு 12 சரிவு என்றால் மூன்றடி மேடைக்கு 36 அடி வேண்டும், நடுவில் நின்று மூச்சுவிடச் சமதளமும் வேண்டும். பின்தெரு வழியாகப் புதுக் கட்டிடத்துக்குக் கொண்டுபோனால் இடம் தாராளம். கழிவறைக் கதவு 90 சென்டிமீட்டர், உள்ளே சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர். பின்தெரு வாசல் அவசரத்துக்கு இரண்டாவது வழியாகவும் ஆகும், கூட்டம் நடக்கும்போது அதைப் பூட்டக் கூடாது.

மின்கம்பிக்காகச் சுவரைக் கொத்தாதே, வெளியே குழாயில் ஓட்டு. ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் படவே கூடாது. அது சூளையில் சுட்ட ஓடு அல்ல, கண்ணாடி மேல் சாயமும் சிமெண்டும் ஊற்றி வார்த்தது. ஆசிட் பட்டால் மேல்பரப்பு அரித்து, பூவின் நிறம் வெளிறிப் போகும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் போடு.

பங்காளிகள் எல்லாருடைய கையெழுத்தும் பத்திரத்தில் ஏறிப் பதிவான பிறகுதான் ஒரு செங்கலைத் தொட வேண்டும்.

புத்தக அறையைப் புதுக் கட்டிடத்தின் கீழ்த்தளத்துக்கு மாற்றிய படத்தை அனுப்பு. சுண்ணாம்புத் தொட்டி கட்ட எத்தனை சதுர அடி பூச்சு வருகிறது என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பச்சி