வெட்டு விழாத மூன்று நிமிடங்கள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தின் தொடக்கக் காட்சியை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. ஆனால் குளோஸ்-அப், கிரேன், நிழல் என்று ஒவ்வொரு நுட்பத்தையும் பெயர் சொல்லிவிட்டு, அதன் முடிவில் 'இது பதற்றத்தை உண்டாக்குகிறது' என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறாய். அந்த வாக்கியம் ஏழு இடங்களில் வருகிறது. எப்படி உண்டாக்குகிறது என்பது ஓரிடத்திலும் இல்லை.

முதலில் யாருக்கு என்ன தெரியும் என்று பார். இரு கைகள் வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகுவதில் காட்சி தொடங்குகிறது. அதை வைத்திருப்பவன் ஓடிச்சென்று ஒரு காரின் டிக்கியில் போட்டுவிட்டு மறைகிறான். சற்று நேரத்தில் ஓர் ஆணும் பெண்ணும் வந்து, எதுவும் அறியாமல் அதில் ஏறிப் புறப்படுகிறார்கள். நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. கேமரா கட்டடங்களுக்கு மேலே எழுந்து, தெருவில் இறங்கி, எல்லைச் சாவடிவரை மூன்று நிமிடத்துக்கும் மேலாக ஒரே ஷாட்டாக நகர்கிறது. இதை நீ 'தொழில்நுட்பச் சாதனை' என்று பாராட்டி நிறுத்திவிட்டாய். வாழ்நாளில் பாதியைப் படத்தொகுப்பு மேசையில் கழித்தவன் என்பதால் எனக்கு அது வேறுமாதிரிப் படுகிறது. ஒரு வெட்டு விழுந்தால், அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது ஒட்டப்பட்டால், அங்கே நேரத்தைச் சுருக்கலாம், நீட்டலாம்; பார்வையாளருக்கு அது தெரியாது, தெரியக்கூடாது என்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். வெட்டே இல்லாதபோது திரையில் ஓடும் நேரமும் டிக்கிக்குள் ஓடும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. நாம் குண்டோடு சேர்ந்து காத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் நீ விட்டுவிட்டாய். கேமரா காரை மட்டும் பின்தொடர்வதில்லை. நடந்து செல்லும் வேறொரு தம்பதியைப் பிடித்துக்கொள்கிறது. கார் சட்டகத்தை விட்டுப் போகிறது, தெரு நெரிசலில் தடைபட்டு நிற்கிறது, மீண்டும் அவர்களருகே வருகிறது. கண்ணில் படும் காரைவிடக் கண்ணிலிருந்து மறைந்த கார்தான் நம்மை அதிகம் அலைக்கழிக்கிறது.

ஒலியைப் பற்றி நீ எழுதிய பத்தியில் குழப்பம் இருக்கிறது. ஓரிடத்தில் தாள வாத்தியங்களைப் பற்றிச் சொல்கிறாய், அடுத்த வரியிலேயே டைட்டில் எழுத்துகள் குறுக்கிடாத காட்சி என்கிறாய். படத்தின் இரண்டு பதிப்புகளையும் கலந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். 1958-இல் வெளியானபோது இந்த ஷாட்டின்மேல் டைட்டில் எழுத்துகளும் ஹென்றி மான்சினியின் இசையும் இருந்தன. ஸ்டூடியோ செய்த மாற்றங்களைப் பார்த்துவிட்டு ஆர்சன் வெல்ஸ் எழுதிய 58 பக்கக் குறிப்பை அடிப்படையாகக் கொண்டு, 1998-இல் வால்ட்டர் மர்ச் படத்தை மறுபடி தொகுத்தார். எழுத்துகளும் அந்த இசையும் நீங்கின. மதுக்கடை வாசல்களிலிருந்தும் வண்டிகளின் வானொலிகளிலிருந்தும் கசியும் பாடல்கள் அவற்றின் இடத்துக்கு வந்தன. இப்போது கார் கண்ணுக்குத் தெரியாதபோதும், அதன் வானொலிச் சத்தம் கூடுவதும் குறைவதும் அது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. மான்சினியின் தாளம் எனக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது கார் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் ஒரே அளவில்தான் ஒலிக்கிறது, எழுத்துகளோ கண்ணைத் தெருவிலிருந்து பிடுங்கிவிடுகின்றன. எந்தப் பதிப்பைப் பற்றி எழுதுகிறாய் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடு.

'ஜாஸ்' (1975) என்ற சுறா படத்தோடு நீ செய்த ஒப்பீடு இருக்கட்டும், ஆனால் திருப்பி எழுது. அங்கே இரவில் நீந்தும் பெண்ணைத் தாக்குவது எதுவென்று தொடக்கக் காட்சி காட்டுவதே இல்லை. இங்கே ஆபத்தைத்தான் முதலில் காட்டுகிறார்கள். இரண்டும் ஒரே வழி என்று எழுதினால் தவறு.

கடைசியாக, முதல் வெட்டு. நடந்து வந்த அந்தத் தம்பதி முத்தமிடும்போது வெடிச்சத்தம் கேட்கிறது. அதன் பிறகே காட்சி எரியும் காருக்கு மாறுகிறது. அத்தனை நேரம் ஒதுக்கிவைத்த வெட்டை வெல்ஸ் எங்கே செலவிடுகிறார் என்பதற்கு நீ ஒரு வரிகூடத் தரவில்லை.

ஒருமுறை ஒலியை அடைத்துவிட்டுப் பார், ஒருமுறை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேள். பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கார் சட்டகத்தை விட்டு வெளியேறும் நொடிகளையும் திரும்பி வரும் நொடிகளையும் ஒரு தாளில் குறி. திருத்திய கட்டுரையோடு அந்தத் தாளையும் அனுப்பு; என் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா