வீட்டில் தொலைக்காட்சிப் பாடம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் கல்வி நிகழ்ச்சிகளில் சிலவற்றை இந்தப் பருவத்தில் வகுப்பிலும் வீட்டிலும் பயன்படுத்தவிருக்கிறோம். "ஏற்கெனவே பிள்ளை டிவியே கதி என்று கிடக்கிறான், இதில் பள்ளியும் சேர்ந்துகொண்டதா?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இது புதுமோகம் அல்ல. பிரிட்டனில் பள்ளிகளுக்கான ஒளிபரப்பு 1957இலேயே தொடங்கிவிட்டது. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1959இல் கல்விக்கென்றே தனி அலைவரிசை கண்டது. இந்தியா 1975-76இல் செயற்கைக்கோள் வழியாகச் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளைக் கொண்டுபோனது. அதில் பள்ளிப் பிள்ளைகளுக்கெனத் தனி நேரம் இருந்தது.

இவற்றைவிட என்னைக் கவர்ந்தது, அமெரிக்காவில் 1969இல் வந்த 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியை உருவாக்கிய விதம். முன்கூட்டியே அதைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பக்கத்திலேயே இன்னொரு திரையில் சில விநாடிகளுக்கு ஒருமுறை வேறு வேறு படங்கள் மாறிக்கொண்டிருக்கும். குழந்தையின் கண் எந்த இடத்தில் அந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறித்துவைத்துத் திருத்தினார்கள். நம் வகுப்புகளிலும் இப்படி ஒருவர் உட்கார்ந்து குறிக்கத் தொடங்கினால் ஆசிரியர்கள் பாடு திண்டாட்டம்தான், என்னையும் சேர்த்து.

ஆனால் கண் திரையில் இருப்பது வேறு, பாடம் மனத்தில் பதிவது வேறு. பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்து, "இது ஏன் இப்படி ஆயிற்று?" என்று இடையில் கேட்கும்போது சிறுபிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்கள். உங்களிடம் நான் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை அதை வகுப்புக்குக் கொண்டுவரட்டும். பார்த்ததையே மறுபடி பார்க்க விரும்பினால் தடுக்காதீர்கள், சிறு வயதில் அப்படித்தான் பிடிபடும்.

வகுப்பில் முழு நிகழ்ச்சியையும் ஓடவிட மாட்டோம். விதை முளைப்பது, இதயத்தின் வால்வு திறந்து மூடுவது, எரிமலை வெடிப்பது போலக் கரும்பலகையில் காட்ட முடியாதவற்றுக்கு மட்டும் சில நிமிடத் துண்டு. நடுவே நிறுத்திப் பேச்சு. பெருக்கல் வாய்ப்பாட்டுக்குத் திரை எதற்கு? பல ஒளிபரப்பு நிறுவனங்கள் பதிவுகளோடு ஆசிரியர் குறிப்புகளையும் பயிற்சித் தாள்களையும் இணையத்தில் இலவசமாகத் தருவதால், ஒளிபரப்பு நேரத்தைத் தவறவிட்டாலும் கவலையில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பாசிரியர் ஒரு துண்டுச்சீட்டு அனுப்புவார். அதில் உள்ள நிகழ்ச்சி மட்டும் போதும். அதைச் சாக்காக வைத்து அடுத்த நிகழ்ச்சிக்கும் அனுமதி கேட்டால், தலைமையாசிரியர் மறுத்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள். பழி என்மேல் விழட்டும். இதற்கு வீட்டுப்பாடமோ மதிப்பெண்ணோ கிடையாது. வீட்டில் தொலைக்காட்சி இல்லாத பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் நூலக அறையில் பார்க்கலாம். அதற்கான சம்மதத்தை நாட்குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்