அசலைத் தொடாத கொடை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பள்ளிக்குப் போகிறாள்.

சரி, நம் நண்பன் நினைவாக, நாம் படித்த பல்கலைக்கழகத்தில் ஓர் அரங்கம் கட்டலாம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும். அப்புறம் கூரை ஒழுகினால் யார் பார்ப்பது? அதே பணத்தை வைப்புநிதியாகக் கொடுத்தால், அசலைத் தொடாமல், வருமானத்தில் மட்டும் ஆண்டுதோறும் ஒரு பிள்ளையைப் படிக்கவைக்கலாம்.

1663-இல் இறந்த ஹென்றி லூகாஸ், கேம்பிரிட்ஜில் ஒரு கணிதப் பேராசிரியருக்காக, ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் நிலம் வாங்கும்படி உயிலில் எழுதிவைத்தார். 1669-இல், இருக்கை எனப்படும் அந்தப் பேராசிரியர் பதவிக்கு நியூட்டன் வந்தார். 1979-இல் ஹாக்கிங் வந்தார். லூகாஸ் இந்த இருவரையும் பார்த்ததில்லை. அதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் எதற்கு என்று அப்போது கேட்டாயே, காரணம் இதுதான். இத்தகைய நிதியில் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கைந்து மட்டுமே செலவுக்கு எடுப்பார்கள். மருத்துவர்கள் ஜானகிராமனும் சம்பந்தமும் தலா 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். தமிழக அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்தது.

ஆனால் பணம் கொடுத்தால் மட்டும் போதாது. நான் ஒரு கல்லூரியின் அறக்கட்டளைக் குழுவில் இருந்தபோது பழைய கோப்பு ஒன்றைப் பிரித்தேன். மங்கிய மையில் ஒரு கடிதம்: தாயின் பெயரில் ஒரு தங்கப் பதக்கம், தாவரவியலில் முதலிடம் பெறும் மாணவிக்கு. அந்தத் துறையையே வேறொன்றோடு சேர்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பதக்கம் யாருக்கும் போகவில்லை. வட்டியைக் கணக்குப் பார்த்தால், பதக்கம் வைக்கும் பெட்டிக்குக்கூடக் காணாது. எவ்வளவு ஆசையாக எழுதிய கடிதம்! அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

அதனால் இரண்டு விஷயங்களை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வருமானத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் அசலோடு சேர வேண்டும். இல்லையென்றால் விலைவாசி அதைத் தின்றுவிடும். சொன்ன நோக்கம் நடக்க முடியாமல் போனால், அதற்கு நெருக்கமான வேறொன்றுக்குப் பயன்படுத்தும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு இருக்க வேண்டும். இந்தத் துறைதான், இத்தனை மதிப்பெண்தான் என்று நாம் இறுக்க வேண்டாம்.

நம் நண்பனின் பெயர் கட்டாயம் இருக்கட்டும். முதலாண்டில் விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல், பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தானே, நினைவிருக்கிறதா? அப்படி உட்காரும் ஒரு பிள்ளைக்கு இந்தப் பணம் அவன் பெயரில் போக வேண்டும்.

நிபந்தனைகளை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அவன் மனைவியிடம் நீயே பேசு. உன் பேச்சைத்தான் அவர் கேட்பார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்