ராகி பிறந்த மண்ணில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் சுகம். நீ கேட்ட புழுங்கலரிசி, பருப்புப்பொடி, செலவு சாமான் எல்லாவற்றையும் உங்கம்மா கட்டி வைத்துவிட்டாள். திருப்பூரிலிருந்து கிளம்பும் ஆளிடம் கொடுத்துவிடுகிறோம். போனில் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால் ஒரு விஷயத்தை எழுதியே சொல்கிறேன்.

எத்தியோப்பியாவில் ஹவாசாவுக்குப் போய் இத்தனை மாதமாகியும் நீ அறையில் குக்கர் வைத்துத்தான் சாப்பிடுகிறாய். மதியம் உன்னோடு வேலை செய்கிறவர்கள் ஒரே தட்டைச் சுற்றி உட்காரும்போது நீ ஒதுங்கி டிபன் பாக்ஸைத் திறக்கிறாய். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது சாமி. அவர்களோடு போய் உட்கார்.

எத்தியோப்பியச் சாப்பாடு நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்கிறாய். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், கேள். நாம் களி கிண்டும் ராகி, எத்தியோப்பியா உகாண்டா பக்கத்து மேட்டு நிலங்களில் பிறந்த பயிர். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது. சோளம் சூடான் பக்கத்தது. கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் சகாராவை ஒட்டிய வறண்ட பூமியிலிருந்து வந்தது. மாலி நாட்டில் இன்றைக்கும் கம்பு மாவைக் கெட்டியாகக் கிளறி, 'தோ' என்று பெயர் வைத்து, வெண்டைக்காய்க் குழம்பில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். சூடானில் சோள மாவைப் புளிக்க வைத்து 'கிஸ்ரா' என்று மெல்லிசாக ஊற்றி எடுக்கிறார்கள். உங்க ஆத்தா கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது அடுப்பில் வெந்ததெல்லாம் இந்த மூன்று தானியமும்தான். நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்தாளிக்கும். 1950-களில் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் நம் பக்கம் நெல் பெருகியது.

கம்மஞ்சோறு ஆக்குவது எத்தனை பாடு தெரியுமா? கம்பில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, உரலில் போட்டு இடித்து, முறத்தில் புடைத்து உமியைத் தள்ளி, மறுபடி இடித்துக் குருணையும் மாவுமாக எடுப்பாள் ஆத்தா. குருணையை முதலில் வேகவிட்டு அப்புறம் மாவைக் கரைத்து ஊற்றி, துடுப்பால் அடிபிடிக்காமல் கிளற வேண்டும். சூட்டோடு சாப்பிட்டது போக மிச்சத்தை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பாள். விடிந்ததும் அந்த உருண்டையை மோரில் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுத்தான் நாங்கள் காட்டுக்குப் போவோம். அந்தப் புளிப்பு உச்சி வெயில் வரைக்கும் வயிற்றைக் குளிர வைக்கும்.

அவர்கள் ஊர்த் தோசையான இஞ்சேரா புளிக்கிறது, இறங்கவில்லை என்றாயே, அதனால்தான் இதையெல்லாம் சொன்னேன். அதைச் சுடும் டெஃப் கசகசா அளவுத் தானியம். ராகிக்குப் பங்காளி முறை. அந்த மாவை இரண்டு மூன்று நாள் புளிக்க விடுகிறார்கள். போன தடவை மாவின் மேல் நின்ற மஞ்சள் தண்ணீரை எடுத்து வைத்து, அடுத்த மாவுக்கு உறையாக ஊற்றுகிறார்கள். ராகி மாவும் கலந்து இஞ்சேரா சுடுவது அங்கே உண்டு. ராகியை அவர்கள் 'தகுசா' என்பார்கள். சந்தையில் கேட்டுப் பார், கிடைத்தால் ஒரு படி வாங்கிக் களி கிண்டு. மிளகாய்க் காரம் மிரட்டுகிறது என்றாய். அவர்கள் பெர்பெரே மசாலாப் பொடியில் போடும் மிளகாயும் நம்முடையதும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான், பழகிவிடும்.

நீ இருப்பது சிடாமாக்காரர்கள் ஊர். அவர்கள் பிழைப்பே என்செட் என்கிற மரத்தில் இருக்கிறது. பார்த்தால் வாழை மாதிரியே இருக்கும், பழத்தைத் தின்ன முடியாது. மட்டையையும் அடிக்கிழங்கையும் சுரண்டி, இலை பரப்பிய குழியில் மாதக்கணக்கில் புளிக்கப் போட்டு, அந்த மாவில் 'கோச்சோ' ரொட்டி சுடுவார்கள். மழை பொய்த்தாலும் மரம் தாங்கி நிற்கும், வேண்டும்போது வெட்டிக்கொள்ளலாம். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி என்னைப் பெற்ற உங்க அப்பாரு சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த மரத்தை நட்டு வளர்க்கிறவர்கள் மேல் பெரிய மரியாதை. யார் வீட்டிலாவது கோச்சோ கொடுத்தால் முகம் சுளிக்காமல் சாப்பிடு.

புதன், வெள்ளியில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரதம். கறி, பால், நெய் எதுவும் சேர்க்க மாட்டார்கள். அன்றைக்கு ஓட்டலில் ஒரு பெரிய இஞ்சேரா மேல் பருப்பு, கீரை, கடலை மாவில் செய்த ஷிரோ குழம்பு எல்லாம் தனித்தனியாக வைத்துத் தருவார்கள். நம் ஊர் ஆளுக்கு அதில் ஆரம்பிப்பதுதான் சுலபம். காபிக்குக் கூப்பிட்டால் முதல் சுற்றிலேயே எழுந்து வராதே. மூன்றாவது சுற்றுக்குப் பெயரே 'பரக்கா', ஆசீர்வாதம் என்று அர்த்தமாம்.

அப்புறம், மூத்த சூப்பர்வைசர் தன் கையால் ஒரு கவளம் உருட்டி உன் வாயில் வைக்க வந்ததும் நீ பின்வாங்கியதாகச் சொன்னாய். அவர்கள் அதைப் பிரியத்தோடும் மரியாதையோடும் செய்கிறார்கள், வேண்டாம் என்றால் மனம் நோகும். அடுத்த முறை வாங்கிக்கொள், திருப்பி நீயும் ஒரு வாய் ஊட்டு.

கொள்ளு நம் நாட்டிலேயே பிறந்தது. அதனால் பார்சலில் அரிசியைக் குறைத்து, கொள்ளைக் கூடுதலாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். வறுத்து வேகவைத்து, தண்ணீரை ரசத்துக்கு வடித்துக்கொள். பருப்போடு சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கொத்தமல்லி விதை, வரமிளகாய் வதக்கிப் போட்டு மத்தால் கடை. மிக்சியில் அடித்தால் ருசி வராது என்று உங்கம்மா சொல்கிறாள், மத்தும் வைத்திருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை நிறையவே கடைந்து எடுத்துப் போய் அவர்கள் தட்டில் ஷிரோவுக்குப் பக்கத்தில் வை. யார் யார் இன்னொரு கரண்டி கேட்டார்கள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா