நீ அனுப்பிய மூன்று கற்கள்

அன்புள்ள முருகேசா,

கல்லைச் சில்லு சில்லாகத் தட்டிக் கற்கருவி செய்து பழக நீ தேடி அனுப்பிய பொட்டலம் பத்திரமாக வந்து சேர்ந்தது. மூன்று கற்களையும் கழுவி, காயவைத்து, தட்டிப் பார்த்தாயிற்று. முதல் கல் அருமையானது. இரண்டாவதைத் தூக்கிப் போடலாம். மூன்றாவது சின்ன வேலைக்கு உதவும்.

சிக்கிமுக்கிக் கல் எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கிலாந்திலும் பிரான்சிலும் சுண்ணப் பாறைக்குள் கட்டி கட்டியாகக் கிடக்கும் அந்தக் கல் திருவள்ளூர்ப் பக்கம் கிடைக்காது. படத்தில் பார்த்த கல்லைத் தேடாதே, காலடியில் கிடப்பதைப் பார். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி, மணற்கல் இறுகி உருமாறிய குவார்ட்சைட்டில் செய்தது. ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் அத்திரம்பாக்கத்துக் கைக்கோடாரிகளும் குவார்ட்சைட்தான். அல்லிக்குழி மலையின் கூழாங்கல் திரளிலிருந்து உதிர்ந்து கொற்றலையாற்றுப் படுகையெங்கும் பரவிக் கிடப்பதும் அதே கல். உன் முதல் கல்லும் அதுதான்.

மணற்கல்லும் குவார்ட்சைட்டும் வெளித்தோலில் ஒன்றுபோலவே இருக்கும். உடைத்த முகத்தில்தான் வித்தியாசம் தெரியும். மணற்கல்லில் உடைப்பு மணலைச் சுற்றிக்கொண்டு போகும். முகம் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், விரலால் தேய்த்தால் மணி உதிரும். குவார்ட்சைட்டில் உடைப்பு மணிகளை ஊடறுத்துக்கொண்டு போகும், முகம் உடைத்த கற்கண்டு போல மினுங்கும். புது முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். சட்டென்று உறிஞ்சினால் அது நெகிழ்ந்த கல், வேண்டாம். அப்படியே நின்றால் இறுகிய கல். பேனாக்கத்தியால் கீறினால் கல்லில் கோடு விழக்கூடாது, கத்தியின் இரும்புதான் சாம்பல் நிறமாக அதில் ஒட்ட வேண்டும். கீறல் விழுந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

இத்தனையிலும் தேறிய கல்லைக்கூடக் காதில் கேட்காமல் எடுக்காதே. உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்காமல் மூன்று விரல் நுனியில் நிறுத்தி, சின்னக் கூழாங்கல்லால் தட்டு. கணீரென்றால் எடு. சொத்தென்றால் உள்ளே விரிசல் இருக்கிறது. ஆற்றில் உருண்டு வந்த கல் மற்ற கற்களோடு மோதி மோதி, தோலில் பிறை பிறையாகத் தடம் வாங்கியிருக்கும். ஒவ்வொரு பிறைக்கும் கீழே ஒரு விரிசல் உள்ளே இறங்கியிருக்கலாம். நனைத்துவிட்டு உலர்வதைப் பார்த்துக்கொண்டே இரு: மற்ற இடமெல்லாம் வெளுத்த பிறகும் விரிசல் மட்டும் ஈரக்கோடாக நிற்கும். உன் முதல் கல்லில் ஓர் ஓரத்தில் மட்டும் அப்படி ஒரு கோடு தெரிகிறது. அந்த ஓரத்தை முதலிலேயே தட்டி எடுத்துவிட்டால் மீதி சுத்தம்.

வடிவத்தையும் பார்க்க வேண்டும். பந்து போல உருண்ட கல் எவ்வளவு நல்ல ரகமானாலும் தொடங்கவே இடம் தராது. அடிக்கும் முகத்துக்கும் சில்லு கழன்று வரவேண்டிய முகத்துக்கும் இடையே கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருந்தால்தான் சில்லு கழலும், 70 முதல் 80 வரை இருந்தால் சுகம். அதனால் தட்டையான, ஒரு பக்கம் சரிந்த, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள, இரண்டு மூன்று கிலோ கல்லாகப் பொறுக்கு. அதற்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலான, முட்டை வடிவச் சம்மட்டிக்கல் போதும்.

குவார்ட்சைட்டில் புதிதாகக் கை வைப்பவர்கள் எல்லோரும் விளிம்பிலேயே அடிக்கிறார்கள். விளிம்பு நொறுங்கும், சில்லு வராது. விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, தயங்காமல், ஒரே வீச்சில் அடிக்க வேண்டும். அடிக்குமுன் சொரசொரப்பான கல்லால் விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடு. மெல்லிய உதடு போல நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு அடியின் விசையைத் தாங்காது, தானே நொறுங்கி விசையைத் தின்றுவிடும். சில்லு பாதி வழியில் படிக்கட்டு போல முறிந்து நின்றால் அடி மெதுவாக விழுந்தது என்று பொருள், அல்லது முகம் நடுவில் பள்ளமாக இருந்திருக்கும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால் படிக்கு மேல் படி ஏறும், அவ்வளவுதான். கல்லைத் திருப்பி எதிர்ப்புறத்திலிருந்து அந்தப் படியை அடியோடு எடு.

சூடேற்றினால் கல் இளகுமா என்று கேட்டிருந்தாய். மணி கண்ணுக்குத் தெரியாத செர்ட், அகேட் கல் வகைகளுக்கு அது பலன் தரும். குஜராத்தின் காம்பத்து ஊரில் பாசிமணி செய்பவர்கள் அகேட்டை முதலில் வெயிலில் உலர்த்திப் பிறகு தீயில் வாட்டுவது அதற்காகத்தான், சிவப்பு நிறமும் அதில் கூடும். ஈரம் போகாத கல்லைச் சட்டென்று சூடாக்கினால் நீராவி உள்ளிருந்து வெடிக்கும். உன் குவார்ட்சைட்டுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், செலவழிக்கிற விறகுக்குப் பலன் வராது.

இரண்டாவது கல்லுக்கு வருகிறேன். கறுப்பாக, கண்ணாடி போல இருப்பதால் அப்சிடியன் என்று நினைத்துவிட்டாய். அந்த எரிமலைக் கண்ணாடி நம் பக்கம் கிடையாது. இது இரும்பு உருக்கிய கசடு. லென்ஸ் வைத்துப் பார், ஊசிமுனைக் குமிழிகள் தெரியும். கண்ணாடி போலத்தான் சில்லு தெறிக்கும், ஆனால் முதல் குமிழியிலேயே முறிவு நின்றுவிடும். எந்த இடத்தில் எடுத்தாய் என்று குறித்து வை. கசடு குவியலாகக் கிடந்தால் அது பழைய உலைக்களமாகவும் இருக்கலாம், கிளறாதே.

மூன்றாவது நம் ஊர் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். பால் போல வெளுத்த பகுதியெல்லாம் உள்ளே நுண்விரிசல். அடித்தால் திசையில்லாமல் சிதறும். ஓரத்தில் ஒளி ஊடுருவும் இடம் மட்டும் தேறும். அதைக் கையில் பிடித்து அடிக்காதே. தட்டையான கருங்கல் மேல் நிறுத்தி, மேலிருந்து நேராக ஒரு தட்டுத் தட்டினால் சின்னச் சின்னக் கூரிய கீற்றுகள் கிடைக்கும். தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகள் பெரும்பாலும் வெங்கச்சங்கல்லிலும் செர்ட்டிலும் செய்தவைதான். சின்னக் கருவிக்கு இந்தக் கல் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன்னிடம் கண்டிப்பாகப் பேச வேண்டும். பூண்டி, குடியம், அத்திரம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் கல் பொறுக்காதே. அங்கே சரளைக்குள் கிடப்பது கூழாங்கல்லா, யாரோ லட்சம் ஆண்டுக்கு முன் தட்டிப்போட்ட சில்லா என்று கண்ணால் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. தழும்புகள் வரிசையாக விழுந்து, அந்தத் தழும்புகளுக்குள்ளும் காவி படிந்திருந்தால் அது பழையது. தொடாமல் படம் எடுத்து, பூண்டி அருங்காட்சியகத்தில் சொல். திருவக்கரைக் கல்மரத்தின் மேலும் ஆசை வைக்காதே, அது பாதுகாக்கப்பட்ட இடம். கட்டடச் சாமான் கடைச் சரளையிலும், நர்சரியில் தோட்டத்துக்கு விற்கும் கூழாங்கல்லிலும் வேண்டிய அளவு குவார்ட்சைட் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கு. நீ தட்டிய சில்லுகளை வயலிலோ ஆற்றிலோ கொட்டாதே. நூறு ஆண்டு கழித்து வருபவர் அதையும் பழையது என்று எண்ணிக் குழம்புவார். ஒரே குழியில் போட்டு, உடைந்த கண்ணாடிப் புட்டி ஒன்றையும் இந்த ஆண்டு நாணயம் ஒன்றையும் சேர்த்துப் புதைத்துவிடு.

சில்லு தட்ட மான்கொம்பு தேடி அலையாதே. தானாக உதிர்ந்ததானாலும் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மெல்லிய சில்லு எடுக்க மென்மையான மணற்கல் சம்மட்டியே போதும், கண்ணாடியிலும் செர்ட்டிலும் அழுத்திச் செதுக்கச் செப்புக் கம்பி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தொடைமேல் தடித்த தோல், மூக்குக்கு என்95 முகமூடி மூன்றும் இல்லாமல் உட்காராதே. வீட்டுக்குள் அடிக்கவே அடிக்காதே. கல்லைத் தட்டும்போது பறக்கும் தூள் நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. காம்பத்து அகேட் தொழிலாளர்களை வதைக்கும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் இதே தூளால் வருவதுதான்.

அடுத்த முறை முழுக் கல்லாக அனுப்பாதே, தபால் செலவு வீண். ஒரு மூலையைத் தட்டி, புது முகம் தெரியும் கட்டைவிரல் அளவுச் சில்லு போதும். எந்தக் கடைச் சரளை, அது எந்த ஊரிலிருந்து லாரியில் வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்துக் கட்டு. இந்த முதல் கல் எந்தக் குவியலிலிருந்து வந்தது என்று நீ எழுதவில்லை. அதை முதலில் எழுது.

அன்புடன்,
சந்திரன்